சௌந்திரத்தின் நாக்கில் விழுந்த வரத்துக்கால்

பூவாணியேந்தல் கண்மாய்க்கு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால் எந்த வழியாக ஓடியது என்பதை ஊரே மறந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் அந்த இடத்தை மட்டும் கரையான் தின்றிருந்தது. நினைவு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையைக் கை காட்டினார்கள், எந்தத் திசையைக் காட்டினாலும் அது அவரவர் பங்காளியின் நிலத்தின் வழியாகத்தான் போனது. அப்படித் தொலைந்துபோன வாய்க்கால், ஓர் ஆடிச் செவ்வாயன்று, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த சௌந்திரத்தின் நாக்கில் வந்து விழுந்தது.

சௌந்திரத்துக்கு வயது ஐம்பத்தொன்று. பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துச் சமைத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் தன் ரசத்தில் மட்டும் பத்து மிளகாய் கிள்ளிப் போடுகிறவள். "நாக்குக்குப் பயந்தா வயித்துக்கு என்னத்தப் போடுறது" என்பது அவள் வாதம். சித்திரையில் ஒருநாள் தலை சுற்றி உட்கார்ந்தவளுக்கு நர்சு ஜெயசீலி பிரஷர் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து தந்தாள். காலையில் ஒன்று. தலைசுற்றல் நின்றது. ஆனால் ரெண்டு மாதம் போனதும் முதலில் ரசம் எரிந்தது, பிறகு ஊறுகாய், பிறகு தயிர், கடைசியில் வெறும் கஞ்சியே எரிந்தது. பரிமாறுவதற்கு முன்னால் சமைத்தவர் ருசி பார்த்தாக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சட்டம் இருந்ததால், ஒவ்வொரு மத்தியானமும் ஒரு கரண்டி சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வடிய நின்று, "உப்பு சரியா இருக்கு" என்று சொன்னாள்.

வாய்ப்புண் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் போதும், மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் மணத்தக்காளிக் கீரை முளைத்துவிடும். பதினொரு வீட்டிலிருந்து கீரை வந்தது. தேங்காய்ப்பால் வந்தது, பசுநெய் வந்தது, உடம்பு சூடு என்று ஒருத்தியும், அய்யனாருக்கு நேர்ந்ததை மறந்திருப்பாய் என்று இன்னொருத்தியும், பொய் சொன்ன வாய் என்று மூன்றாவது ஒருத்தி முதுகுக்குப் பின்னாலும் சொன்னார்கள். எல்லாக் கீரையையும் சௌந்திரம் வெள்ளாடு மாதிரி தின்று தீர்த்தாள். புண் மட்டும் அசையவில்லை.

அடுத்த மாத்திரை அட்டையோடு வந்த நர்சு, கைவிளக்கை அடித்து வாய்க்குள் பார்த்தாள்.

"எரியுதாக்கா?"

"எரியுதாவா? வாயிக்குள்ள அடுப்பக் கூட்டி வச்சாப்ல இருக்கு."

"இந்த மாத்திரை சில பேருக்கு ஒத்துக்காதுக்கா. நாக்குல, கன்னத்து உள்பக்கத்துல வெள்ளை வெள்ளையா வரி இழுத்துப் புண்ணாக்கிரும். டாக்டர்ட்ட சொல்லி வேற மாத்திரை வாங்கியாறேன். மாத்துனா கொஞ்சம் கொஞ்சமா ஆறிரும். நீங்களா மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

சௌந்திரத்தின் புருஷன் சேவுகன் நர்சின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்மாயின் மூன்று மடைகளையும் முப்பது வருஷமாகத் திறந்து அடைக்கிறவர் அவர்தான். மடை வாய்க்கால் எந்த இடத்தில் எத்தனை வளைவு வளைகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"லைட்ட கொஞ்சம் இங்கிட்டுக் காட்டுங்க நர்சம்மா," என்றார். பிறகு வெகுநேரம் பார்த்தார். "இது புண்ணு இல்ல. இது நம்ம கண்மாயி."

நாக்கு நுனிக்குச் சற்று உள்ளே காசு அகலத்துக்கு வட்டமாக ஒரு வெள்ளை. அதிலிருந்து முன்னால் இறங்கிய மூன்று சிறு கோடுகள் பெரியமடை, நடுமடை, குட்டிமடை, வளைவு மாறாமல். வட்டத்திலிருந்து தொண்டைப் பக்கமாக வெள்ளை நூல் போல ஒரே கோடு, வளைந்தும் நெளிந்தும், ஆறு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துப் போயிற்று. நர்சும் பார்த்தாள். "ஆமாண்ணே, அப்படித்தான் இருக்கு" என்றாள். நோட்டில் 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

ஊரில் ஒருவரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. "தொலஞ்ச சாமான் எங்கிட்டாச்சும் இருந்துதான ஆகணும்" என்றார் ஊர்த் தலைவரான அம்பலம் வைரவன், காணாமல்போன அரிவாள் கூரையில் கிடைத்த மாதிரி. மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மூலம் உங்க ஊர்ல இருக்குன்னா எங்ககிட்ட ஏன் வர்றீங்க? ஒரு நகல் எடுத்துக் கொண்டாந்து குடுங்க, ஃபைல்ல வைப்போம்" என்றார். வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம் சௌந்திரம் அதில் உட்கார்ந்து நாக்கை நீட்டினாள். உள்ளே கண்மாய் இருக்கிறதே என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தவர்கள் உண்டு, தங்கள் வயல் எங்கே என்று தேடியவர்கள் உண்டு, வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் வேறு வேறு நேரத்தில் வந்து வேறு வேறு தீர்ப்பைப் படித்துக்கொண்டு போனதும் உண்டு, மூன்று நாளாகக் காணாத ஆடு கரையில் எங்காவது மேய்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று விளக்கோடு வந்த ஒருத்தியும் உண்டு. எச்சில் வடிந்தது. ஈ மொய்த்தது. சௌந்திரம் நாக்கை நீட்டியபடியே ஒரு கையால் ஈயை ஓட்டினாள்.

அடுத்த வாரம் நர்சு புது மாத்திரையைக் கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே அம்பலம் வந்துவிட்டார்.

"ஏத்தா சௌந்திரம், மாத்திரைய மாத்துனா வரி அழிஞ்சிரும்ல? கொஞ்சம் பொறுத்துக்கத்தா. ஊருக்கு இதவிட்டா வேற வழி இல்ல."

சௌந்திரம் யோசித்தாள். அவள் நாக்கு அவளுக்கு வேண்டும். மிளகாயும் புளியும் உப்பும் வேண்டும். சோறு என்பது சோறாக இருக்க வேண்டும். ஆனால் நாலு வருஷமாகக் கண்மாயில் கால் நனையத் தண்ணீர் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பதை அவள்தான் தினமும் பார்க்கிறாள்.

"வாய்க்கா எதுன்னு தெரியிற வரைக்கும் இந்த மாத்திரையே போடுறேன்," என்றாள். "தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒருநாளு கெடையாது."

"புண்ணு பெருசாச்சுன்னா நான் ஒருத்தரையும் கேக்க மாட்டேன், மாத்திருவேன்" என்று நர்சு அம்பலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

நகல் எடுக்க வந்தவர் சர்வேயர் தங்கமாரி. ஃபோனில் படம் பிடித்துப் பார்த்தார். நாக்கு நடுங்கியது, எச்சில் பளபளத்தது, வாய்க்கால் தெரியவில்லை. சேவுகன்தான் வழி சொன்னார். நாவல்பழக் காலம். சௌந்திரம் ஒரு கை நிறைய நாவல்பழம் தின்றாள், நாக்கு கத்தரிக்காய் நிறமாயிற்று, வெள்ளை வரிகளில் மட்டும் சாயம் ஏறவில்லை. சலவை வேட்டியைக் கிழித்து அதன்மேல் நாக்கை அழுத்தி எடுத்தபோது கண்மாயும் மடையும் வரத்துக்காலும் துணியில் அச்சுப் பிசகாமல் விழுந்தன. கூட்டம் கை தட்டியது. சர்வேயர் தன் ரப்பர் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி, அந்தத் துணியின் ஓரத்தில் குத்தி, கையெழுத்தும் போட்டார். நாக்கைத் துணியோடு அழுத்திய இடத்தில் புண் பிய்ந்து ரத்தம் கசிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. துணியில் பட்ட அந்தக் கறையையும் ஏதோ ஒரு கிணறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

துணிப்படி வரத்துக்கால் ஊருக்குத் தெற்கே ஒச்சம்மாளின் எள்ளுக்காட்டு வழியாக வந்தது. ஒச்சம்மாளுக்கு ஆள் பலம் கிடையாது. பூவும் பிஞ்சுமாக நின்ற எள்ளை மிதித்துக்கொண்டு மண் அள்ளும் இயந்திரம் இறங்கியது, பதினைந்து நாள் தோண்டியது. பழைய வாய்க்கால் என்றால் ஓரடி ஆழத்தில் ஆற்று மணல் வர வேண்டும், நத்தை ஓடு வர வேண்டும். கட்டாந்தரையும் சுக்கான்கல்லும்தான் வந்தன. ஒச்சம்மாள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, பிடுங்கிய எள்ளுச் செடியைச் சௌந்திரத்தின் மடியில் போட்டாள்.

"ஒன் நாக்கு அழுகட்டும்" என்றாள். ஏற்கெனவே அழுகிக்கொண்டுதான் இருந்தது.

ஊர் முணுமுணுக்க ஆரம்பித்தது. நாக்கு பொய் சொல்கிறது என்றார்கள். ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்து, சௌந்திரம் ஆறிய கஞ்சித்தண்ணீரைக் குழலால் உறிஞ்சிக் குடித்து, ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போயிருந்தாள். புண் பெருசானதைக் காட்டிக்கொள்ளாமல் நர்சிடம் வாயை மூடி மறைத்தும் வந்தாள். ஒத்துக்கொண்டதைப் பாதியில் விடுவது அவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு காலையில் சேவுகன் ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் இன்னொரு உள்ளங்கையில் ரெண்டு மாத்திரையுமாக வந்து நின்றார்.

"என்னங்க இது?"

"கோடு மங்கலா இருக்காம். ரெண்டாப் போட்டா தெளிவா விழும்னு அம்பலம் சொல்றாக."

சௌந்திரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

"நான் செத்தா இன்னும் தெளிவாத் தெரியும். கொள்ளி வைக்கும்போது எல்லாரும் வந்து பாத்துக்கங்க."

ஒரு மாத்திரையை மட்டும் எடுத்து விழுங்கினாள். நாற்காலியை எடுத்து மடக்கப் பார்த்தாள், அது மடங்காத நாற்காலி, அதனால் உதைத்துத் தள்ளினாள். நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தாள். உள்ளே அம்பலமும் சர்வேயரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"துணிய எடுங்க."

எடுத்து விரித்தார்கள். சௌந்திரம் துணியைப் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு, நாக்கின் ஓரத்தைப் பல்லில் மெதுவாக உரசிப் பார்த்தாள். இடப்பக்கம் உயிர் போனது. வலப்பக்கம் ஒன்றுமில்லை.

"எனக்கு எரியிறது இடது பக்கம். துணியில கோடு வலது பக்கமா கெடக்கு. அச்சுல எடுத்தா இடம் வலம் மாறிக்கும்னு இத்தன பெரிய மனுசருல ஒருத்தருக்குமா தெரியல?"

சர்வேயர் தங்கமாரி டீயைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து தன் முத்திரையை எடுத்து அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷமாகக் குத்துகிற முத்திரை. அதில் அவர் பேரே தலைகீழ்க் கோணலாக, இடம் வலம் மாறித்தான் வெட்டியிருந்தது. முகம் கறுத்துப்போனது. ஆனாலும் அரசாங்கத்து மனுஷன்.

"துணியத் திருப்பிப் பாக்கலாம்மா. ஆனா அந்தப் பக்கம் சீல் இல்லையே."

"அப்படியே திருப்புனாலும்," என்றார் அம்பலம், "துணியில ஒரு நூலு தரையில நாப்பது அடி. யாரு வீடு, யாரு தோப்புன்னு எப்படித்தா சொல்றது?"

"துணிய மடிச்சு உள்ள வைங்க. எரியிறது எனக்கு. நானே நடக்குறேன். அதுக்கு முன்னாடி ஒச்சம்மா காட்டுல வெட்டுன பள்ளத்த மூடுங்க."

பள்ளம் மூட நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் விடிந்ததும் ஊர் ஆற்றங்கரையில் கூடியது. சௌந்திரம் மடியில் பச்சை மிளகாய் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கண்மாய் இருக்கும் கிழக்கைப் பார்த்து நின்றாள்.

"எரிஞ்சா வாய்க்கா. எரியாட்டி வயக்காடு. பின்னாடியே சுண்ணாம்பப் போட்டுக்கிட்டு வாங்க. ஒருத்தரும் பேச்சுக் குடுக்காதிய."

ஒரு மிளகாயைக் கடித்தாள்.

கோட்டை விட்டு ஓரடி விலகினால் வாய் குளிர்ந்தது, கோட்டில் கால் வைத்தால் தீப்பிடித்தது. குளிர்ந்த பக்கம் கால் தானாக இழுத்தது, அவள் இழுத்த காலை மறுபடி தீயில் வைத்தாள். கரையை விட்டு இறங்கி, கருவேல முள்ளுக்குள் புகுந்து, முள் சேலையைப் பிடித்தால் சேலையை விட்டுக்கொடுத்து, வடக்கே சாய்ந்து, தரிசைத் தாண்டி, ரெண்டாவது மிளகாய், மூன்றாவது மிளகாய், தார்ரோட்டின் குறுக்கே, அம்பலத்தின் தென்னந்தோப்பு வேலியைக் காலால் மிதித்துச் சாய்த்து நடுத்தோப்பில் பதினாறு மரத்தின் அடியை ஒட்டி நடந்தாள், அம்பலம் வாயைத் திறந்தார், பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். நான்காவது மிளகாய், ஐந்தாவது மிளகாய், மூக்கும் கண்ணும் ஒழுக, மூச்சு சீறச் சீற அவள் போக, அவள் பின்னால் வெள்ளைக் கோடு போக, கோட்டின் பின்னால் ஊர் முழுக்கப் போயிற்று. கேலி பேசியவர்கள்கூட ஒரு கட்டத்தில் தங்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

கோடு ஊருக்குள் திரும்பி அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது சேவுகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சௌந்திரம்," என்றார் கிசுகிசுப்பாக. "கொஞ்சம் தெக்க ஒதுங்கி நட. எரியிறது ஒனக்கு மட்டுந்தான தெரியும். எவன் கண்டான்?"

அவள் நின்று அவரைப் பார்த்தாள்.

"மழையே இல்லாத வருசம். எங்கய்யா காஞ்சு கெடந்த பள்ளத்துல மண்ணக் கொட்டி அடுப்பாங்கரையக் கட்டுனாரு. நானும் மண்ணு சொமந்தேன், பதினஞ்சு வயசு. துணியில தெக்க காட்டுனப்ப எனக்கு உசிரு வந்துச்சு. தெரியும்னும் இல்ல சௌந்திரம், தெரியாதுன்னும் இல்ல…"

அவள் ஏழாவது மிளகாயைக் கடித்தாள். தன் வீட்டு வாசலைத் தாண்டி, முன்கட்டுப் பட்டாசாலையைத் தாண்டி, அடுப்பாங்கரைக்குள் போனாள். அந்த அடுப்பில்தான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் முதல் உலை வைத்தாள், அந்தச் சுவரில் சாய்ந்துதான் ரெண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். அடுப்புக்கு நேராக வந்து நின்றபோது நாக்கே இல்லாமல் போய்விட்டது போல, வாய் முழுக்க ஒரே நெருப்பாக எரிந்தது. அழுதாள். எல்லாருக்கும் முன்னால் சத்தமாகவே அழுதாள். பிறகு மென்றதைத் துப்பிவிட்டு, அடுப்பின் மேல் ஒரு காலை வைத்தாள்.

"இங்க போடுங்க சுண்ணாம்ப."

யாரும் நகரவில்லை. அம்பலம் தொண்டையைச் செருமினார். "வேணாம்த்தா. பொழங்குற வீடு. அடுப்பாங்கரைய விட்டுச் சுத்திக் கொண்டு போவோம்."

"எங்க வீட்டச் சுத்துனா ஒங்க தோப்பையும் சுத்தணும். அடுத்தவுக தொழுவச் சுத்தணும். இப்படி எல்லார் வீட்டையும் சுத்துனா தண்ணி ஊரச் சுத்திட்டு ஆத்துக்கே திரும்பிரும்." மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். "நகருங்க."

முதல் குத்தில் அடுப்பு பிளந்தது. மூன்றாவது குத்துக்குச் சேவுகன் வந்து கடப்பாரையில் அவள் கைக்கு மேல் கை வைத்தார். ஓரடிக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஆற்று மணல் வந்தது, மணலோடு விரல்நகம் போல நத்தை ஓடுகள் வந்தன. ஊர் குனிந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் சௌந்திரம் புது மாத்திரை போட ஆரம்பித்தாள். வாயைத் திறந்து பார்த்த நர்சு ஜெயசீலி, மறைத்ததற்காக அவளையும் விட்டுவைத்ததற்காக ஊரையும் சேர்த்து வைதுவிட்டு, தடவ ஒரு களிம்பும் கொடுத்தாள்.

வெட்டு வேலை ஐப்பசி முதல் வாரத்தில் முடிந்தது. அம்பலம் தோப்பில் பதினாறு தென்னை சாய்ந்தது, நாலு வீட்டுத் தொழுவும் ஒரு வீட்டு அடுப்பாங்கரையும் போயின. ஆற்றில் தண்ணீர் வந்த அன்று அது சௌந்திரத்தின் வீட்டுப் பின்பக்கத்தை ரெண்டாகப் பிரித்துக்கொண்டு, நுரையும் சருகுமாகக் கண்மாய்க்கு ஓடியது. கண்மாய் நிறைய நிறைய அவள் நாக்கில் மடைகள் மங்கின, வட்டம் மங்கியது, கடைசியாக வரத்துக்கால் முழம் முழமாக அழிந்தது.

கார்த்திகையில் பக்கத்து ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் சாத்துக்குடியும் வெற்றிலை பாக்கும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்பலம்தான் முன்னால் வந்தார். வாசலோரம் தகரக் கொட்டகை போட்டுப் புது அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்த சௌந்திரம் எழுந்திருக்கவில்லை.

"இவுக ஊரு வரத்துக்காலும் தொலஞ்சு போச்சாம்த்தா. அந்தப் பழைய மாத்திரைய ஒரே ஒரு மாசம் போட்டுப் பாத்தியன்னா… ஒனக்குத்தான் பழக்கம் இருக்கே."

"எனக்கு இப்ப நாக்குல ஒண்ணும் இல்ல. தண்ணி அந்தா ஓடுது, பாத்துட்டுப் போங்க."

"அப்படிச் சொல்லாதிய அக்கா," என்றார் வந்தவர்களில் ஒருவர். "நாங்க வேற எங்க போயித் தேடுவோம்?"

சௌந்திரம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒங்க ஊர்லயும் மாத்திரை போடுறவுக இருப்பாக. வாயி வெந்து, சோறு எறங்காம, யாருகிட்டயும் சொல்லாம ஒருத்தி மூலையில உக்காந்திருப்பா. போயிப் பாருங்க. பாத்தியன்னா வாய்க்கா எங்கன்னு கேக்காதிய. எரியுதாத்தான்னு மொதல்ல கேளுங்க. கேட்டுட்டு நர்சம்மாவக் கூட்டியாந்து மாத்திரைய மாத்துங்க. வாய்க்காலத் தேட ஒங்களுக்குக் காலு இருக்குல்ல."

தாம்பாளத்தைப் பிடித்திருந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சௌந்திரம் பத்து மிளகாய் கிள்ளிப் போட்ட ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.